யார் வழியை மறிப்பது?

சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. பழைய புத்தகம் வாங்க வந்தவர்கள், சாப்பிட வந்தவர்கள், சும்மா ஒரு சுற்று சுற்ற வந்தவர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், அந்த நெரிசலின் நடுவே கறுப்புச் சட்டை போட்ட எட்டுப் பேர் முதுகோடு முதுகு வைத்துச் சதுரமாக நின்றிருந்தார்கள். முகத்தில் வெள்ளை முகமூடி, கையில் திறந்த லேப்டாப். ஒரு திரையில், அன்றைக்குப் பொரித்த சேவல் குஞ்சுகள் பெல்ட்டில் ஊர்ந்துபோய் அரைவை இயந்திரத்துக்குள் விழுந்துகொண்டிருந்தன. முட்டைக்கோழிப் பண்ணைக்குச் சேவல் குஞ்சால் பயனில்லை. அதனால் பொரித்த கையோடு கொன்றுவிடுகிறார்கள். பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று திரை முன்னால் நின்று, “அப்பா, இது நெஜமா?” என்று கேட்டது. அப்பா பதில் சொல்லாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர் கையில் பிரியாணிப் பொட்டலம். முகமூடி போடாத ஒரு பையன் அவரிடம் மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் ஆங்கிலத்தில். அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு தமிழில், “தம்பி, நாங்க வாரத்துக்கு ஒரு நாள்தான் கறி எடுக்கிறோம். அதையும் விடணுமா?” என்றார். பையனுக்குத் தமிழ் தெரியவில்லை. சிரித்தபடி ஒரு அட்டையை நீட்டினான். அவர் வாங்காமல் போய்விட்டார்.

அந்தக் குழந்தையின் கேள்விக்கு “ஆமாம், நிஜம்தான்” என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. விலங்குகளுக்காகத் தெருவில் நிற்பவர்களை நான் மதிக்கிறேன் என்றால், அவர்கள் அந்த உண்மையை மூடி மறைக்க விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதால்தான். பொட்டலம் வைத்திருந்தவரின் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கடினம். இந்தியாவில் விலங்குரிமைப் போராட்டங்கள் ஜெயித்த இடங்களையும் முகத்தில் அடி வாங்கிய இடங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வியை யார் காதில் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது.

முகமூடியும் திரையுமாக நிற்கும் இந்த முறை 2016-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் தொடங்கிய ஓர் அமைப்பினுடையது. சாந்தமான முறை; யாரையும் தடுப்பதில்லை. அதே மெல்பர்னில் 2019 ஏப்ரல் 8, திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற நேரத்தில் நடந்தது வேறு. நகரத்தின் நடுமையமான ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ரயில் நிலையச் சந்திப்பில் வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி, டிராம் ஓடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். இறைச்சிப் பண்ணைகளின் உள்ளே ரகசியமாக எடுத்த காட்சிகளைக் கொண்ட ‘டொமினியன்’ ஆவணப்படம் வெளியாகி ஒரு வருடம் ஆனதை ஒட்டிய மறியல் அது. 39 பேர் கைதானார்கள். அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன் அவர்களைக் குற்றவாளிகள் என்றே சொன்னார். அதே ஆண்டு, பண்ணைகளில் அத்துமீறி நுழையும்படி இணையத்தில் தூண்டுவதைக் குற்றமாக்கும் சட்டத்தை ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பண்ணைக் கொடுமையைப் பேச வைக்க உட்கார்ந்தார்கள். நாடு பேசியது உட்கார்ந்தவர்களைப் பற்றி.

2023 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஐன்ட்ரீ குதிரைப் பந்தயத்தில் நடந்தது இன்னும் சிக்கலானது. ‘அனிமல் ரைசிங்’ இயக்கத்தினர் வேலி ஏறிக் குதித்ததில் கிராண்ட் நேஷனல் பந்தயம் கால் மணி நேரம்போலத் தள்ளிப்போனது. 118 பேர் கைது. பந்தயம் தொடங்கி முதல் தடையிலேயே ‘ஹில் சிக்ஸ்டீன்’ என்ற குதிரை விழுந்து இறந்தது. பார்த்தீர்களா, இதற்காகத்தானே வந்தோம் என்றார்கள் போராடியவர்கள். உங்கள் கலாட்டாவில் மிரண்டுதான் குதிரை விழுந்தது என்றார் அதன் பயிற்சியாளர். ஒரே சாவு இரண்டு தரப்புக்கும் சாட்சியானது.

இப்படிப்பட்ட மறியல் பலன் தருமா என்பதை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். மேத்யூ ஃபைன்பெர்க், ராப் வில்லர், க்ளோயி கோவச்செஃப் மூவரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், விலங்குரிமைப் போராட்டத்தையும் ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டு, போராட்டம் எல்லை மீற மீற ‘இவர்கள் நம்மைப் போன்றவர்கள் இல்லை’ என்ற விலகல் பார்ப்பவர்களுக்கு வந்து ஆதரவு குறைகிறது என்று கண்டார்கள். அதே நேரம் அந்த எல்லை மீறல்தான் ஊடகத்தின் கண்ணில் படவைக்கிறது. போராளியின் இக்கட்டு அது. 2022-ல் வில்லரும் ஃபைன்பெர்க்கும் ப்ரென்ட் சிம்ப்சனோடு சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. ஓர் இயக்கத்தில் ஒரு குழு தீவிரமாக இறங்கும்போது, அதே கோரிக்கையை மென்மையாகப் பேசும் இன்னொரு குழுவுக்கு ஆதரவு கூடுகிறது. ஒருவர் திட்டு வாங்கினால் இன்னொருவர் பேச்சு எடுபடுகிறது.

இந்த முடிவுகளை அப்படியே பெங்களூருக்குக் கொண்டுவர முடியாது. ஒரு காரணம் எளியது: இங்கே விலங்குக்காகச் சாலையை மறித்தவர்கள் குறைவு. 2021-ல் வந்த ஆணைக்குப் பிறகு பெங்களூரில் தர்ணா, ஊர்வலம் எதுவானாலும் பழைய மத்தியச் சிறை இருந்த ஃப்ரீடம் பார்க்குக்குள்தான் நடத்த வேண்டும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போராடலாம். யார் கண்ணிலும் படாமலும் போராடலாம். விவசாயிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் விலங்கு ஆர்வலர்களும் ஒரே வளாகத்தில் முறை போட்டு உட்காருகிறார்கள். ஜனநாயகத்துக்கு இது நல்லதாக எனக்குப் படவில்லை.

இன்னொரு காரணம்தான் முக்கியமானது. நம் நாட்டில் விலங்குரிமை இயக்கம் தெருவில் மறித்ததைவிட நீதிமன்றத்தில் மறித்ததே அதிகம். ஒரு தடையாணை, ஒரு டிராம் மறியலைவிட எத்தனையோ மடங்கு பேரின் வாழ்க்கையை ஒரே நாளில் நிறுத்திவிடும். அதுவும் அவர்கள் போகாத ஊரில், அவர்களுக்குப் புரியாத மொழியில்.

2014 மே 7 அன்று உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. வழக்கு நடத்தியது இந்திய விலங்குகள் நல வாரியம், கூடவே விலங்குரிமை அமைப்பான பீட்டா. தீர்ப்பை இன்று படித்தாலும் அதில் பொய் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வாலைக் கடிப்பது, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது எல்லாம் நடந்தவைதான். ஆனால் அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் காளை வளர்ப்பவருக்கு அந்தத் தீர்ப்பு எப்படிக் கேட்டது? வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊற வைத்து ஊட்டி, பிள்ளைக்குச் சமமாகக் கட்டிக் காத்தவனைப் பார்த்து, மாட்டை ஒரு நாளும் தொட்டிராத ஒருவர் ‘நீ கொடுமைக்காரன்’ என்று சொன்னதாகக் கேட்டது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் நடந்த போராட்டத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். அந்தக் கூட்டத்தின் கோரிக்கைகளில் ஜல்லிக்கட்டு வேண்டும் என்பதற்குச் சமமாக பீட்டாவைத் தடை செய் என்பதும் இருந்தது. அந்த அமைப்புக்கு ஆதரவாக முன்பு பேசியிருந்த நடிகை த்ரிஷாவின் படப்பிடிப்பைக் காரைக்குடியில் நிறுத்தினார்கள். இணையத்தில் அவரைப் பேசிய பேச்சு எந்தக் காளைக்கும் பெருமை சேர்க்கவில்லை. பெங்களூரிலும் ஐ.டி. வேலையில் இருந்த தமிழ் இளைஞர்கள் டவுன் ஹால் முன்னால் கூடினார்கள். அவர்களில் பலர் வாடிவாசலை நேரில் பார்த்ததில்லை, அதுவரை ஜல்லிக்கட்டைப் பற்றி யோசித்ததும் இல்லை. தம் ஊரைப் பற்றி வெளியார் ஒருவர் தீர்ப்பு சொல்லிவிட்டார் என்பதே அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

அதைப் பார்த்துக் கர்நாடகம் தன் கம்பளத்துக்காக எழுந்தது. சேற்று வயலில் எருமைக் கடாக்களை ஜோடி பூட்டி ஓட்டும் அந்தத் துளுநாட்டு விளையாட்டை 2016 நவம்பரில் உயர்நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்தது. தமிழ்நாட்டைப் போலவே, 2017-லேயே கர்நாடகச் சட்டமன்றமும் அதை அனுமதிக்கும் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றின் திருத்தங்களும் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆறே மாதத்தில், நவம்பர் 25, 26 தேதிகளில், மங்களூரிலிருந்தும் உடுப்பியிலிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகளை லாரியில் மலை ஏற்றிக் கொண்டுவந்து பெங்களூரு அரண்மனை மைதானத்தில் கம்பளம் நடத்தினார்கள். தலைநகரில் அதுவே முதல் முறை. கடலோரக் கிராமத்தின் வயலில் அறுவடைக்குப் பின் நடந்துகொண்டிருந்த ஒன்றைத் தலைநகரத்தின் திருவிழாவாக்கியதில் எதிர்ப்புக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டும் பெங்களூரில் நடத்தத் திட்டமிட்டபோது, கூடாது என்று பீட்டா உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இதில் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: வழக்கம், மரபு என்று வாதாடி வாங்கிய அனுமதியை, அந்த மரபே இல்லாத ஊரில் ஏன் பயன்படுத்த வேண்டும்? முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் நின்றபடி வந்த கடாவுக்குத் துளுநாட்டுப் பெருமை தெரியுமா? ஆனால் இந்தக் கேள்வியை அவர்கள் கேட்டபோது கேட்க ஆளில்லை. முதல் வழக்கிலேயே நம்பிக்கையைச் செலவழித்துவிட்டார்கள்.

இதே பாடத்தை இன்னும் முன்பே, 2003-ல் தமிழ்நாடு படித்தது. 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை ஜெயலலிதா அரசு தூசி தட்டி எடுத்து, கோயில்களில் கிடா வெட்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. சுடலைக்கும் முனியாண்டிக்கும் நேர்ந்துவிட்ட கிடாவோடு நின்றவர்கள் முன்னால் போலீஸ் வந்து நின்றது. கடையில் ஆட்டை அறுக்கலாம், சாமி முன்னால் அறுத்தால் குற்றமா என்று அவர்கள் கேட்டார்கள். அதற்குப் பதிலே கிடையாது. 2004-ல் சட்டமே போய்விட்டது. அந்தச் சட்டத்தால் ஒரு கிடாவும் பிழைக்கவில்லை.

யானை விஷயத்தில் ஒரே அமைப்பு, ஒரே மாவட்டம், இரண்டு விதமான முடிவு. கோலாப்பூர் ஜோதிபா கோயிலுக்குக் கொடுக்கப்பட்டு, சங்கிலியில் கட்டி அடி வாங்கிக்கொண்டிருந்த சுந்தர் என்ற இளம் யானையை, பீட்டாவின் நீண்ட பிரசாரத்துக்கும் நீதிமன்ற உத்தரவுக்கும் பிறகு 2014 ஜூனில் பெங்களூரு பன்னேர்கட்டா பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற யானைகளோடு அது குளத்தில் இறங்கிய படத்தைப் பார்த்துக் கோபப்பட்டவர் யாரையும் நான் காணவில்லை. பதினொரு வருடம் கழித்து, 2025 ஜூலையில், அதே கோலாப்பூர் மாவட்டத்து நாந்தணி ஜைன மடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த மகாதேவி என்ற யானையை நீதிமன்ற உத்தரவுப்படி குஜராத்தின் வன்தாரா விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊரே அழுதது. ஆயிரக்கணக்கானோர் பேசாமல் நடந்து ஊர்வலம் போனார்கள். வன்தாரா அம்பானி குடும்பத்தினுடையது என்பதால் ஜியோ சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் வன்தாரா நிர்வாகமே, யானையை நாந்தணி பக்கமே வைத்துப் பராமரிக்க ஒரு மையம் கட்டித் தரத் தயார் என்று இறங்கிவந்தது.

மகாதேவிக்குக் கால் நகத்தில் புண், மூட்டில் நோய் என்பது நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த மக்களின் அழுகையும் நடிப்பில்லை. இரண்டும் உண்மையாக இருக்கும் இடத்தில் போலீஸ் பந்தோபஸ்தோடு யானையை லாரியில் ஏற்றினால், யானையை நேசித்தவர்களே யானையின் எதிரிகளாகக் காட்டப்பட்டுவிடுகிறார்கள். சுந்தரை அடித்ததற்குச் சாட்சி இருந்தது, அதனால் ஊர் பேசாமல் இருந்தது. மகாதேவியை ஊர் தன் வீட்டுப் பெண்ணாக நினைத்தது.

இதே பீட்டா இன்னொரு வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலுக்கு, தும்பிக்கை அசைத்துக் காதாட்டும் இயந்திர யானை ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு பெங்களூரின் க்யூபா (CUPA) என்ற விலங்கு நல அமைப்போடு சேர்ந்து கர்நாடகத்திலும் இதைத் தொடர்ந்தார்கள். உற்சவச் சிலையான திடம்பை ஏற்ற ஒரு யானை வேண்டும், அதுவும் மதம் பிடித்து ஆளைக் கொல்லாத யானை வேண்டும் என்ற கோயிலின் தேவையை இங்கே காதில் வாங்கியிருக்கிறார்கள். கூட்டம் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டது. யாரும் சிம் மாற்றவில்லை.

மறியல் என்ற சொல்லுக்குக் கர்நாடகத்தில் கறைபடிந்த ஒரு பொருளும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. 2023 மார்ச் 31 இரவு, ராமநகர மாவட்டம் சாத்தனூர் அருகே மாடு ஏற்றிவந்த வண்டியைச் சிலர் வழிமறித்தார்கள். வண்டியில் வந்தவர்களில் ஒருவர் பிறகு பிணமாகக் கிடைத்தார். மறித்தவர்கள்மேல் கொலை வழக்குப் பதிவானது. பசுவின் பெயரால் இது நடந்த பிறகு, சிவாஜிநகரிலோ டேனரி ரோட்டிலோ இறைச்சிக்கடை வைத்திருப்பவரிடம் யாராவது வந்து ‘விலங்குரிமை’ என்று பேச்செடுத்தால் அவர் முதலில் பேசுபவரின் முகத்தைப் பார்க்காமல் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்றுதான் பார்ப்பார். சர்ச் ஸ்ட்ரீட்டில் முகமூடி போட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கும்பலோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை அவர்களே உரக்கச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? பாலுக்கும் தோலுக்கும் எதிராக இருப்பவர்கள், மாட்டுக்காக மனிதனைக் கொல்வதற்கு முதலில் எதிராக இருக்க வேண்டும்.

பெங்களூரில் இந்த விவாதம் தினசரி வாழ்க்கைக்குள் வருவது தெருநாயின் வழியாகத்தான். 2007-ன் தொடக்கத்தில் சில வார இடைவெளியில் இரண்டு குழந்தைகள் நாய்கள் கடித்து இறந்தார்கள். நகரம் கொதித்தது, மாநகராட்சி நாய்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது, பிடித்தவை கொல்லப்படுகின்றன என்று ஆர்வலர்கள் வண்டிகளை எதிர்த்து நின்றார்கள். குழந்தையை இழந்த வீட்டின் துக்கம் ஆறாதபோது நாய்க்காக மெழுகுவத்தி ஏற்றியவர்களைப் பார்த்து மக்களுக்கு எரிச்சல் வந்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

2023 கணக்கெடுப்பில் பெங்களூரின் தெருநாய்கள் சுமார் 2.79 லட்சம், 2019-ல் 3.10 லட்சம். இடையில் கருத்தடை செய்யப்பட்டவற்றின் பங்கு பாதியிலிருந்து 70 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது. சத்தமில்லாமல் நடந்த வேலையின் பலன் இது. 2025 ஜூலையில் மாநகராட்சி 5,000 நாய்களுக்குத் தினமும் கோழியும் சோறும் போட 2.88 கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டத்தை அறிவித்தது. பசியில்லாத நாய் கடிக்காது, ஊசி போடப் பிடிப்பதும் சுலபம் என்பது கணக்கு. தவறான கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரம் அதைப் பள்ளிக் குழந்தையின் மதிய உணவுத் தட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அதே மாதம் கொடிகேஹள்ளியில் ஒரு முதியவர் நாய்கள் கடித்து இறந்தார்.

ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் டெல்லியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். டெல்லி ஆர்வலர்கள் இந்தியா கேட்டுக்கு வந்தார்கள், போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. கர்நாடக முதல்வர் சித்தராமையா, நாய்களை அப்புறப்படுத்துவது கொடுமை என்று எழுதினார். அதே வாரம் கர்நாடக மேலவையில் ஜனதா தள உறுப்பினர் போஜேகவுடா எழுந்து, சிக்கமகளூர் நகராட்சியில் தாம் பொறுப்பில் இருந்தபோது 2,800 நாய்களைக் கொன்று மரங்களுக்கு அடியில் புதைத்ததாகவும், வேண்டுமானால் சிறைக்குப் போகத் தயார் என்றும் சொன்னார். ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் முன்னதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். வெறிபிடித்தவற்றையும் ஆளைப் பாய்பவற்றையும் தவிர. சோறு போடத் தனி இடம் ஒதுக்கச் சொன்னார்கள்.

2024-ல் கர்நாடகத்தில் நாய்க்கடி சுமார் 3.6 லட்சம், வெறிநோய்ச் சாவு 42. இந்த எண்களைச் சொன்னால் நாய் நேசர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கக் கூடாது. கடிபட்டு ஊசிக்கு அரசு மருத்துவமனைக்கு அலைபவர்கள் பெரும்பாலும் காலை நான்கு மணிக்குக் குப்பை அள்ள வருபவர்கள், பால் பாக்கெட் போடுபவர்கள், தெருவில் விளையாடும் பிள்ளைகள். நாய்க்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர்களின் குழந்தைகள் காம்பவுண்டுக்குள் விளையாடுகிறார்கள். கோபம் இந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

சென்னையின் ப்ளூ கிராஸ் வரலாறு இங்கே எனக்கு வழிகாட்டுகிறது. கேப்டன் வி.சுந்தரம் குடும்பத்தார் 1959-ல் தொடங்கிய அமைப்பு. மாநகராட்சி அந்தக் காலத்தில் நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை என்று மாநகராட்சியின் கணக்கையே எடுத்துக் காட்டி, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1964-லேயே சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா சொன்னார். மாநகராட்சி ஒப்புக்கொண்டது 1996-ல். முப்பத்திரண்டு வருடம். நாயைப் பற்றிப் பேசியபோதே வெறிநோயைப் பற்றியும் பேசியதால்தான் அது நடந்தது. பின்னால் வந்த தேசிய விதிகளுக்கே அடிப்படை அதுதான். பெங்களூரில் 1991-ல் கிறிஸ்டல் ரோஜர்ஸ் தொடங்கிய க்யூபாவும் இதே தடத்தில் வந்தது.

மறியலே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பண்ணையின் சுவருக்குப் பின்னால் நடப்பதை யாராவது திறந்து காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது. சேவல் குஞ்சை அரைப்பவர் பெரிய முதலீட்டுக்காரர். அவர் வழியை மறியுங்கள், நானும் வந்து நிற்கிறேன். வாரம் ஒரு நாள் கறி எடுப்பவரின் வழியை மறிக்காதீர்கள்.

அல்சூரில் நான் குடியிருக்கும் தெருவில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஊர் வேலூர்ப் பக்கம். சாயங்காலம் மிஞ்சிய சோற்றைத் தெருநாய்களுக்குப் போடுவார். எதிர் மாடிக்காரர் இரண்டு முறை புகார் கொடுத்தார். அவர் மகனை ஒரு நாய் துரத்தியிருந்தது. அக்கா சண்டைக்குப் போகவில்லை. வார்டு அலுவலகத்துக்குப் போய், நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வண்டியை வரவழைத்தார். சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, வலையோடு இரண்டு பேர் இறங்கினார்கள். நாய்கள் சிதறி ஓடின. அக்கா பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கறுப்புப் பெட்டை ஒன்று வாலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தது. அதன் முகத்தைத் தன் சேலை முந்தானையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “ஹிட்கொள்ளி அம்மா” (பிடித்துக்கொள்ளுங்கள்) என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, வந்த இருவரில் ஒரு பையன் அதன் தொடையில் ஊசியைக் குத்தினான். காது நுனியில் கருத்தடைக்கு அடையாளமான வெட்டு இல்லை என்று பார்த்து அதை மட்டும் வண்டியில் ஏற்றினார்கள். மற்றவற்றின் முதுகில் சாயக் கோடு போட்டு விட்டார்கள்.

மாடியிலிருந்து எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை ஆச்சும்மா?”

“ஏழு சார். இன்னும் ரெண்டு இருக்கு, கோயிலுக்கு அந்தப் பக்கம். பையன் ஸ்கூல்லேர்ந்து வந்தா காட்டச் சொல்லுங்க, தொரத்தினது எதுன்னு.”